தயார் என்று சொல்லும் வரை

மணிக்காரர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டைப்பையில் குத்தியிருக்கும் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் போல என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி அறை அவருடையது. அறை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். ஒரு மேசை, இரண்டு தொலைபேசிகள், ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரில் ஊர் வரைபடம், அவ்வளவோடு இடம் தீர்ந்துவிடும். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசையின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் நிலையம் முழுக்க மணி அலறும். மணி என்று அதைச் சொல்வதும் அநியாயம்தான். "செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து எங்கய்யா தீன்னு கேப்பான்" என்பார் வண்டி ஓட்டுகிறவர்.

இளம் வயதில் அவரும் வண்டியில் தொற்றிக்கொண்டு போனவர்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்கு ஏணிப்படி சறுக்கியது. முழங்கால் நொறுங்கிப் போய், இனி ஓட முடியாது என்றானபின் இந்த அறையில் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். முதலில் அவமானமாக இருந்தது. போகப் போக, தான் கை வைத்தால்தான் இத்தனை பேரும் ஓடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவமானம் மெல்லத் திமிராக மாறிவிட்டது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்தத் திமிருக்கு ஒரு நியாயமும் இருந்தது. தீயை அணைத்துவிட்டு வண்டி நிலையத்துக்குள் வந்து நின்றால் வேலை முடிந்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முடியவில்லை. காலியான தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். நனைந்த ஹோஸ் குழாயை இறக்கிக் காயப்போட்டுவிட்டு உலர்ந்ததைச் சுருட்டி வைக்க வேண்டும். மூச்சுக்காற்று சிலிண்டரை மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் "வண்டி தயார்" என்று சொல்லுவார். அந்த இரண்டு வார்த்தை காதில் விழும்வரை மணிக்காரரின் கை பொத்தான் பக்கம் போகக்கூடாது. நடுவில் அழைப்பு வந்தால் பக்கத்து நிலையத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஒருமுறை அவசரப்பட்டு, "என்னய்யா பார்த்துட்டு உட்கார்ந்திருக்க? மணிய அடி" என்று கத்தினார். இவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"வண்டி தயாருன்னு இன்னும் சொல்லல சார். தண்ணி இல்லாம போற வண்டி தீயை வேடிக்கைதான் பார்க்கும். போறவங்க பத்திரமா திரும்பி வரவும் மாட்டாங்க."

அதிகாரி முறைத்துவிட்டுப் போனார். அந்தக் கதையை மணிக்காரர் வீட்டில் சொல்லாத நாள் குறைவு. தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும், இவர் அதிகாரியைப் போல ஒருமுறையும் தன்னைப் போல ஒருமுறையும் நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். "கதை பழசு, சாப்பாடு புதுசு, முதல்ல அதப் பாருங்க" என்பாள் மனைவி. மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, "வண்டி தயார்" என்று கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய் வயர்லெஸ் மாதிரி பிடித்துச் சொல்வாள்.

ஒரே பெண். அவளுடைய ஒன்பதாவது வயதில், அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அம்மாவுடன் நிலையத்துக்கு வந்தாள். ஆட்கள் ஓய்வெடுக்கும் அறையில் பெஞ்சில் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். அப்போது ஓர் அழைப்பு வந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். ஆட்கள் ஓடினார்கள், வண்டி கிளம்பியது. மகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்ததை அவர் கதவு வழியாகப் பார்த்தார். அடுத்த நொடி அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். அட, இந்தச் சத்தத்திலும் மறுபடி தூங்கிவிட்டாளே, அப்பன் பெண்தான் என்று பெருமையாகச் சிரித்தார். மனைவி போட்ட கூச்சலில்தான் அது தூக்கமில்லை என்று தெரிந்தது. தண்ணீர் தெளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே கண் திறந்துவிட்டாள்.

தீயிலிருந்து திரும்பி வந்த ஓட்டுநர் விஷயம் கேட்டுச் சிரித்தார். "மணிக்காரர் பொண்ணு மணிக்கு மயங்குதா? நல்லா இருக்கே கதை."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. புது ஆட்களும் முதல் வாரம் மணிக்கு நடுங்குவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். மகளுக்கும் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். மறுநாள் காலையிலிருந்து, அவள் தூங்கும்போது தலைமாட்டில் போய் நின்று எவர்சில்வர் தட்டில் ஸ்பூனால் தட்டுவார். முதல் நாள் அழுதாள். அப்புறம் கோபித்துக்கொண்டாள். ஒருநாள் காலை அவளுக்குக் கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தது.

"போதும் உங்க வீரம்" என்று தட்டைப் பிடுங்கி எறிந்தாள் மனைவி.

மருத்துவர் வலிப்பு என்றார். மாத்திரை கொடுத்தார். மணிக்காரர் அந்த ஸ்பூனை அதற்கப்புறம் கையால் தொடவில்லை. வருஷங்கள் போக மயக்கம் வருவதும் அரிதாகி, பிறகு வராமலே போயிற்று. மாத்திரையையும் நிறுத்தினார்கள். அவள் மட்டும் காதின்மேல் தலையணையைப் போட்டுக்கொண்டு தூங்குவதை விடவில்லை. கேட்டால், "உங்க மணியவிட அந்த ஸ்பூன்தாம்ப்பா பயங்கரம்" என்று சிரிப்பாள். அவரும் சிரிப்பார். சிரித்தபடியே அங்கிருந்து நகர்ந்துவிடுவார்.

மாப்பிள்ளையை அவளே தேடிக்கொண்டாள். அப்பாவின் கண்ணாடி உடைந்துபோன ஒரு நாள் அதைச் சரி செய்யப் போன கடையில், கண்ணாடி அறுத்துச் சட்டத்தில் பொருத்தும் வேலையில் இருந்தவன். அதிகம் பேசமாட்டான். ஊசிமுனை அளவுத் திருகைக்கூடக் கீழே போடாமல் பிடிக்கிற விரல்கள். ஒரு கண்ணாடியைச் சரி செய்ய ஒருத்தி அத்தனை தடவை ஏன் போனாள் என்று மணிக்காரருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது, வலிப்பு பற்றிச் சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

"நின்னுபோன வியாதிய எதுக்குங்க தட்டி எழுப்பணும்? பேசாம இருங்க."

பேசாமல் இருந்துவிட்டார். மகளிடமும் அதையே சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கித் தலையாட்டினாள்.

கல்யாணமாகிப் போனபின் தினமும் மத்தியானம் தேநீர் வரும் நேரத்துக்கு மணிக்காரர் மகளுக்குப் போன் செய்வார். சொல்ல ஒன்றும் இருக்காது. "சாப்டியா?" "சாப்டேம்ப்பா." "என்ன சாப்ட?" அவ்வளவுதான். அதற்குள் தேநீர் ஆறிவிடும். அது நடக்காத நாளில் மனிதர் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபின் அது பல நாள் நடக்கவில்லை. இரவெல்லாம் விழித்தவள் மத்தியானத்தில் குழந்தையோடு சேர்ந்து தூங்கினாள். ஒருநாள் பேத்தியைப் பார்க்கப் போனவர் மாப்பிள்ளையிடம், "உங்க வீட்டுப் போனுக்கு வாயக் கட்டி வெச்சிருக்கீங்களா மாப்ள? அப்பன் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேலி மாதிரிதான் சொன்னார். முழுவதும் கேலி இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று வைத்துவிட்டுத் தேநீரைக் குடித்தார். அன்றைக்கு அது சூடாகவே இருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டான். கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் குழந்தை தொண்டை கட்ட அழுதுகொண்டிருந்ததாம். பக்கத்தில் அம்மா படுத்திருந்தாள். குழந்தை அத்தனை அழுதும் எழவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். ஏன் என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. மூன்று மாதக் குழந்தைக்குத் தாய், ஒரு நோயும் இல்லாதவள், பகலில் படுத்தவள் எழவில்லை. இதற்கு யார்தான் என்ன பதில் சொல்வார்கள்? வந்தவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனைவி அழுகையோடு அழுகையாக, "சின்ன வயசுல வந்த வலிப்பு திரும்ப வந்துடுச்சோ என் கண்ணுக்கு" என்று கதறிவிட்டாள். சுவரோரம் நின்றிருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

அதன்பின் அவன் அவர்களோடு பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தாள். அக்காக்காரி உபசரித்தாள், குழந்தையை மடியில் கொடுத்தாள். அவன் மட்டும் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். மணிக்காரர் போகவே இல்லை. வலிப்பை மறைத்த கோபம் என்று மனைவி நினைத்தாள். அவருக்கு உள்ளே இன்னொன்று இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோதே உயிர் போய் வெகு நேரமாகியிருந்தது என்றார்களே, மத்தியானம் அடித்த போன் அவருடையது. அது என்ன செய்திருக்கும், செய்யாமல் இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பெஞ்சில் சாய்ந்த ஒன்பது வயதுப் பெண் மட்டும் கண்முன் வந்து வந்து போனாள். மகளைப் பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, ஐம்பது தாண்டிய ஊழியர்கள் எல்லாரும் இதயச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மார்பில் கம்பிகளை ஒட்டி, துடிப்பைக் கோடாகக் காட்டும் ஒரு தாள் பட்டை எடுத்தார்கள். அதைப் பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சேர்ந்து இவரை இதயத்துடிப்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். சின்ன உருவமான அம்மா அவர். பட்டையை மேசைமேல் விரித்து, அளவுகோல் வைத்து அளந்தார்.

"உங்களுக்கு மயக்கம் ஏதாவது வருமா?"

"ஒருநாளும் இல்லீங்க. கல்லு மாதிரி இருப்பேன்."

"குடும்பத்துல யாராவது, நல்லா இருந்தவங்க, திடீர்னு?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கத் தெரிந்த மருத்துவர். மணிக்காரர் முதலில் தன் அத்தை ஒருத்தியைச் சொன்னார்; பிள்ளை பெற்ற கையோடு தூக்கத்தில் போனவள், கண் பட்டுவிட்டது என்றுதான் அப்போது பேசிக்கொண்டார்கள். அப்புறம் மகளைச் சொன்னார். பெஞ்சு, ஸ்பூன், வலிப்பு மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். போனை மட்டும் விழுங்கிவிட்டார்.

"அது வலிப்பு இல்ல ஐயா" என்றார் அந்த அம்மா. "வலிப்புன்னு நினைச்சு வருஷக்கணக்கா மாத்திரை குடுக்கறது நிறைய நடக்குது. பார்க்க அப்படியேதான் இருக்கும்."

பிறகு நிதானமாகச் சொன்னார். "இதயம் கோடிக்கணக்கான செல்லால ஆனது. ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் சின்னச் சின்னக் கதவு இருக்கு. புரதத்தால ஆன கதவு. உப்புச் சத்துங்க சில கதவு வழியா உள்ள வரும்போது இதயம் துடிக்குது. பொட்டாசியம்னு ஒரு சத்து வேற கதவு வழியா வெளிய போனாத்தான் துடிச்ச செல் ஓய்ஞ்சு, அடுத்த துடிப்புக்குத் தயாராகும். உங்க குடும்பத்துல அந்த வெளிய போற கதவுல ஒரு வகை சரியா வேலை செய்யல. பொறந்ததுலேர்ந்தே அப்படி. அதனால இதயம் தயாராக நேரமாகுது. பட்டையில பாருங்க, இந்த மேடு இறங்க எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு. உங்களுக்கு லேசாதான். அதான் இத்தனை நாள் யார் கண்ணுலயும் படல."

"நேரமானா என்னாகும்?"

"சும்மா இருக்கறப்ப ஒண்ணும் ஆகாது. தயாராகாத அந்த நேரத்துல திடீர்னு ஒரு சத்தம், அதுவும் தூங்கறப்ப, அலாரம், மணி, போன்... உடம்பு தூக்கிவாரிப் போடும். முந்தின துடிப்பு அடங்கறதுக்குள்ள இன்னொரு துடிப்பு வந்து விழும். அப்புறம் இதயம் துடிக்காது, வெறுமனே நடுங்கும். ரத்தம் போகாது. சில சமயம் தானா சரியாயிடும். அப்ப அது மயக்கம். சரியாகலன்னா..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. காலியான தொட்டி, ஈர ஹோஸ், இன்னும் வாயைத் திறக்காத வயர்லெஸ் எல்லாம் மணிக்காரருக்குத் தெரிந்த சங்கதிதான்.

"அப்ப அந்தக் கதவுதான் காவலா?"

"ஆமா. நல்லா இருந்தா அதுதான் இதயத்துக்குக் காவல்."

"நான் இருபது வருஷமா அந்த மணிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல? அவ ஏன்?"

"அதுக்கு முழுசா பதில் யார்கிட்டயும் இல்ல. ஒரே குறை ஒருத்தர ஒண்ணும் செய்யாது, இன்னொருத்தரக் கொண்டு போயிடும். பொண்ணுங்களுக்கு ஆபத்து கூடுதல். அதுலயும் பிள்ளை பெத்த முதல் மாசங்கள்ல." அந்த அம்மா அவர் கையைத் தொட்டார். "குழந்தைய உடனே பார்க்கணும் ஐயா. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இருந்தா மருந்து இருக்கு, காப்பாத்தலாம். நாள் கடத்தாதீங்க."

அன்றைக்கே கிளம்பினார். மனைவி நானும் வருகிறேன் என்று புடவை மாற்றப் போனாள். வேண்டாம் என்றார். "ஏங்க?" என்றவளிடம் காரணம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாத ஒன்றையும் அங்கே சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா வீடு ஒரு சந்தின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே கதவு. கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பொத்தானோடு அழைப்பு மணி. மணிக்காரர் விரலை நீட்டினார், உடனே சுடுபட்டவர் போல இழுத்துக்கொண்டார். மெல்லத் தட்டவும் தைரியம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க மணியடித்த மனிதர் ஒரு கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். துணி உலர்த்த வாளியோடு வெளியே வந்த அக்காக்காரி அவர்மேல் மோதிக்கொள்ளப் பார்த்தாள்.

"ஐயோ மாமா, எவ்வளவு நேரமா நிக்கறீங்க? பெல் அடிக்கக் கூடாதா?"

"குழந்தை தூங்குதாம்மா?"

"ஆமா, இப்பதான் தூங்குது."

"அதான்மா அடிக்கல."

மாப்பிள்ளை உள்ளேதான் இருந்தான். கடைக்கு அன்று விடுமுறை. அவரைப் பார்த்ததும் எழுந்தான். வாசலை அவரே அடைத்துக்கொண்டு நின்றதால் போக வழியில்லை. அக்காக்காரி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியோடு மாடிக்குப் போய்விட்டாள். மணிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. பட்டையை எடுத்துக் காட்டினார், கதவுகளைப் பற்றி மருத்துவர் சொன்னதைத் தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னார்.

"என் உடம்புலேர்ந்துதான் அவளுக்குப் போயிருக்கு மாப்ள. அவகிட்டேர்ந்து குழந்தைக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பார்க்கணும். நீங்க சம்மதிக்கணும்."

அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அன்னிக்கு வலிப்ப மறைச்சீங்க. இன்னிக்கு வந்து இதச் சொல்றீங்க."

"சொல்லியிருந்தா நீங்க கட்டியிருக்க மாட்டீங்கன்னு..."

"கட்டியிருப்பேன் மாமா." குரல் உயரவே இல்லை. "கட்டிட்டு, அவ தூங்கறப்ப பக்கத்துல யாரையும் மூச்சுவிடக்கூட விட்டிருக்க மாட்டேன்."

மணிக்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வந்த வேலை இன்னும் முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னொண்ணு இருக்கு. அன்னிக்கு மத்தியானம் அவளுக்குப் போன் அடிச்சது நான்தான்."

சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. குழந்தை தூக்கத்துக்காக யாரோ கழற்றி வைத்திருக்க வேண்டும்.

"தெரியும்" என்றான் மாப்பிள்ளை.

அவர் நிமிர்ந்தார்.

"நான் உள்ள போனப்ப போன்ல 'அப்பா'ன்னு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். அத்தை கண்ணுல பட வேணாம்னு."

"தெரிஞ்சுதான் இருந்தீங்களா இவ்வளவு நாளா? அதனாலதான் என் முகத்தப் பார்க்கலையா?"

"அதனால இல்ல." அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "உங்க முகத்தப் பார்த்தா நானும் சொல்ல வேண்டியிருக்கும். அவ மத்தியானத்துல போனை சத்தமில்லாமதான் வெச்சிருப்பா, தினமும். நீங்க அந்த வாரம் வந்தப்ப கேட்டீங்களே, வாயக் கட்டி வெச்சிருக்கீங்களான்னு. அப்பா வருத்தப்படறாரேன்னு, அன்னிக்குக் காலையில கடைக்குக் கிளம்பறப்ப நான்தான் சத்தத்தக் கூட்டி வெச்சேன். முழுசா. அவகிட்ட சொல்லக்கூட இல்ல."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மணிக்காரரின் நெஞ்சு லேசானது. பாரத்தில் பாதியை வேறு யாரோ வாங்கிக்கொண்டது போல. உடனே அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எதிரே இருக்கிறவன் தன் பிள்ளையாக இருக்க வேண்டிய வயதுக்காரன். மாமனாரைச் சந்தோஷப்படுத்த நினைத்ததுதான் அவன் செய்த தப்பு. அந்தத் தப்பைக் கேலியாகப் பேசிச் செய்ய வைத்ததும் இவர்தான். "மாப்ள, அது உங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

பால் போடுகிறவரோ, பார்சல் கொண்டுவந்தவரோ, யாரோ. வெள்ளைப் பொத்தானை நீளமாக அமுக்கினார். இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலி சாய்ந்தது. முழங்கால் நொறுங்கிய மனிதர் உள்ளறைக்கு அன்றைக்கு எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. குழந்தை மெத்தைமேல் கைகளை விரித்து, கண்ணைத் திறந்து, அசையாமல் கிடந்தது. மாப்பிள்ளை அதன்மேல் குனிந்தான். தொடவில்லை, தொடப் பயம். மணிக்காரரின் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தயார்னு சொல்லு, கண்ணு. தயார்னு சொல்லு.

குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுதது.

இருவரும் மெத்தையின் இரு பக்கமும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை மனைவிக்காக ஊருக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாப்பிள்ளை, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதான். மணிக்காரர் அவன் முதுகில் கை வைத்தார். அவன் தட்டிவிடவில்லை.

அழுது ஓய்ந்ததும் எழுந்துபோய், கண்ணாடிக் கடைத் திருப்புளியால் அழைப்பு மணியைக் கழற்றப் பார்த்தான். திருப்புளி பொடி சைஸ், சுவர்த் திருகு அதற்கு அசையவே இல்லை. கடைசியில் கையாலேயே பெட்டியைப் பிடித்து இழுத்து, கம்பியோடு பிய்த்தெடுத்தான். காரை உதிர்ந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காக்காரி உடைந்த சுவரைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், விளக்குமாறு எடுத்து வந்து கூட்டினாள்.

பாதிக்குப் பாதி என்றாரே மருத்துவர், கெட்ட பாதிதான் வந்து விழுந்தது. பட்ட காலிலே படும். பேத்திக்கும் அதே கதவு, அதே குறை. இதயத்தை நிதானமாக வைக்கிற மருந்தைத் துளியாகக் கணக்குப் பண்ணிக் கொடுத்தார் அந்த அம்மா. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளையும் தவறக்கூடாது, வளர்ந்து பெரியவளானாலும் நிறுத்தக்கூடாது. ஓடவிடலாம், சிரிக்கவிடலாம், பள்ளிக்கு அனுப்பலாம். தூக்கத்தில் மட்டும் யாரும் எதுவும் அவளைத் திடுக்கிட வைக்கக்கூடாது.

மணிக்காரருக்கும் மாத்திரை எழுதினார்கள். அந்த அறையில் உட்கார வேண்டாம் என்றும் எழுதினார்கள். கடைசி நாள் வண்டி ஓட்டுகிறவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்கு முன் சிரித்த ஒரு சிரிப்பை நினைத்தோ என்னவோ, விடாமல் நின்றார். மணிக்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தார். சிவப்புப் பொத்தானைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை காலையில் கடைக்குப் போகும் வழியில் குழந்தையை இவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறான். சாயங்காலம் வந்து, கதவை நகத்தால் லேசாகச் சுரண்டுவான். அதுதான் அந்த வீட்டுக்கு அழைப்பு மணி. போன்கள் எல்லாம் வாய் கட்டிக் கிடக்கின்றன. எவர்சில்வர் தட்டுகளை மனைவி துணிவிரித்து அடுக்குகிறாள். அந்தப் போனைப் பற்றி அவளிடம் ஒருநாள் அவர் சொல்லிவிட்டார். அவள் அன்று முழுதும் அவரோடு பேசவில்லை. மறுநாள் அவர் தட்டில் சாப்பாடு போட்டு, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.

மத்தியான வேளை மருந்துதான் சிக்கல். அந்த நேரத்தில் குழந்தை தூங்கும். எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அந்த வேலையை மணிக்காரர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. முதலில் திரையைக் கொஞ்சமாக விலக்குவார். வெளிச்சம் மெத்தை ஓரத்துக்கு வந்து நிற்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் பாதத்தின்மேல் வைப்பார். அவசரமே இல்லை. கால்விரல் அசையும். அப்புறம் ஒரு கொட்டாவி. அப்புறம் இமை. கண்ணைத் திறந்ததும் அவரைப் பார்த்து, அம்மாவைப் போலவே ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரிக்கும்.

"தயாரா கண்ணு?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டு மருந்தை ஊட்டுவார். ஊட்டி முடித்து அவர் நெடுநேரம் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மகளை அவர் ஒருநாள்கூட இப்படி எழுப்பியதில்லை.